வெஸ்லியா, ஸ்டான்லியா, நெல்சனா?

என் தங்கை மகளுக்கு இது ஏழாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், கிழித்த காலண்டர் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினாள். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஆறு பெயர்கள்: வெஸ்லி, ஸ்டான்லி, நெல்சன், கால்டுவெல், ஆஷ்லி, ஷெர்லி. "மாமா, வீட்டுல ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நீங்க பாத்து ஒண்ணைச் சொல்லிருங்க, அதையே வச்சிருவோம்" என்றாள்.

பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு வாத்தியாராக இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வருமா?

ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார். ஸ்டான்லி என்பது அவளுடைய மாமனார் பெயர். மனிதர் நல்ல திடத்தோடு முன்கட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். நெல்சன், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் ஆசை. மண்டேலா மேல் அவருக்குத் தனிப் பக்தி. கால்டுவெல்லைக் கொடுத்தவர் மாப்பிள்ளையின் அண்ணன், தமிழாசிரியர். ஆஷ்லி யார் சொன்னது என்றேன். "நெட்டுல பாத்தோம்" என்றாள். ஷெர்லி என் தங்கையின் யோசனை, பெண்ணாக இருந்தால். என்ன பிள்ளை என்று முன்கூட்டிச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், பட்டியலில் இரண்டு பக்கத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். வெஸ்லியை எழுதியது அவளேதான். அது என் பெயர்.

ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தாளைப் பார்த்ததும் ஒன்று கண்ணில் பட்டது. ஆறில் ஒன்றுகூட பைபிள் பெயர் இல்லை. ஒன்றுகூட முதலில் ஆள்பெயராக இருந்ததில்லை. ஆறுமே ஆங்கிலக் குடும்பப் பெயர்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்தில் அங்கே பெரும்பாலோருக்கு நம்மைப்போல ஒற்றைப் பெயர்தான். பிறகு நார்மன் பெயர்கள் பரவி ஊருக்குப் பத்து வில்லியம், பத்து ஜான் என்று ஆனது. நிலம், வரி, வாரிசு என்று எழுத்து வேலையும் கூடியது. எந்த ஜான் என்று கணக்கர் கேட்பார். கொல்லன் ஜான், வில்லியம் மகன் ஜான், செம்பட்டைத் தலை ஜான், காட்டோரத்து ஜான் என்று பதில் வரும். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த ஒட்டுகளில் பெரும்பாலானவை அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன.

அந்தக் குடும்பப் பெயரைத் தூக்கிப் பிள்ளையின் முதல் பெயராக வைக்கும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டில் பெரிய வீடுகளில் தொடங்கியது. ஒன்பது நாள் அரசியாக இருந்த ஜேன் கிரேயின் கணவன் பெயர் கில்ஃபர்ட் டட்லி. டட்லி அப்பா வீட்டுப் பெயர், கில்ஃபர்ட் அம்மா பிறந்த வீட்டுப் பெயர். 1554இல் பாவம் அவன் தலை போனது, அது வேறு கதை. 1605இல் வில்லியம் கேம்டன் என்ற வரலாற்றாசிரியர், இப்போதெல்லாம் குடும்பப் பெயரை ஞானஸ்நானப் பெயராக வைக்கிறார்கள் என்று ஒரு புதுமையாகக் குறித்து வைத்திருக்கிறார். தாய்வீட்டின் பெயர் அற்றுப்போய்விடக் கூடாது, சொத்து வந்தால் பெயரும் வரட்டும் என்பதுதான் பெரும்பாலும் காரணம். பிற்காலத்தில் ரயில் பாதையும் பாலமும் கட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் இசம்பார்ட் கிங்டம் புரூனெல் என்பவரின் பெயரில் நடுவே நிற்கும் கிங்டம், ராஜ்யம் எதையும் குறிக்கவில்லை. அவருடைய அம்மா பிறந்த வீட்டுப் பெயர் அது.

நம் கதை வேறு. நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. அதனால் பிறர் குடும்பப் பெயர் நம் வீட்டுக்குள் வந்தால் ஆள்பெயராகத்தான் நுழைய முடியும். நேரு, போஸ், தாகூர் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். காஷ்மீரத்திலும் வங்காளத்திலும் அவை குடும்பப் பெயர்கள். இங்கே வந்ததும் ஆளாகிவிட்டன. வெஸ்லி, நெல்சன், லிங்கன், எடிசன், லிவிங்ஸ்டன் எல்லாம் அதே வாசல் வழியாக வந்தவைதான். வெள்ளைக்காரன் சொத்துக்கும் தாய்வீட்டுக்கும் செய்ததை நாம் மரியாதைக்குச் செய்தோம். என் தங்கை மகள் தாய்மாமன் பெயரைப் பட்டியலில் சேர்த்ததுதான் இங்கிலாந்து வழக்கத்துக்கு நெருக்கமானது. அவளுக்கே அது தெரியாது.

சரி, பொருளுக்கு வருவோம். பெயர் சொல்லும் இணையதளங்களில் ஸ்டான்லி என்றால் பாறைபோல் உறுதியானவன், நெல்சன் என்றால் வெற்றிவீரன் என்றெல்லாம் போட்டிருக்கிறது. நம்ப வேண்டாம். பட்டியலில் லி என்று முடியும் நான்கு பெயர்களும் வெறும் இடப்பெயர்கள். 'லேயா' என்ற பழைய ஆங்கிலச் சொல்தான் தேய்ந்து லி ஆனது. காட்டுக்குள் மரம் வெட்டித் திருத்திய வெளி என்று பொருள். கன்னியாகுமரிப் பக்கம் பள்ளிவிளை மாதிரி ஊர்ப்பெயர்களில் வரும் 'விளை' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது. அப்படிப் பார்த்தால் ஸ்டான்லி, கல்லுவிளை. ஆஷ்லி, ஆஷ் மரங்கள் நின்ற விளை. ஷெர்லி, வெளிச்சமான விளை; சீமைக்குச் சொந்தமான விளை என்று சொல்வாரும் உண்டு. வெஸ்லி, மேற்கே இருந்த விளை. நம் ஊரில் மேற்கை 'மேல' என்றுதானே சொல்வோம். என் பெயர் மேலவிளை.

இதைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்போ இத்தனை வருசமா மேலவிளை மாமான்னா கூப்பிட்டுட்டிருக்கேன்?"

பொருளை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பெயரைத் தாங்கியிருந்த ஆட்கள், அது நம் நாக்கில் உருளும் விதம், பிறகு நாளைக்குக் காகிதங்களில் படப்போகும் பாடு, இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டான்லியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மாமனார் முன்கட்டில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ஸ்டான்லி என்பது டெர்பி பிரபுக்களின் வீட்டுப் பெயர். 1485இல் பாஸ்வர்த் போரில் தாமஸ் ஸ்டான்லி ஒரு பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்க, அவருடைய தம்பி வில்லியமின் படை கடைசி நேரத்தில் ஜெயிக்கிற பக்கம் சாய்ந்தது. அந்த வருடமே தாமஸுக்கு டெர்பி பிரபுப் பட்டம் வந்தது. அந்த வம்சத்தில் பின்னால் வந்த ஒருவர் கனடாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1892இல் ஐஸ் ஹாக்கிக்கு ஒரு கோப்பை கொடுத்தார். ஸ்டான்லி கோப்பை இன்றைக்கும் நடக்கிறது. அவருடைய மகன்களில் ஒருவரான ஜார்ஜ் ஸ்டான்லி 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநர். வடசென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்குகிறது. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் மட்டும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பஞ்ச காலத்தில் அங்கே கஞ்சி ஊற்றியதை மக்கள் மறக்கவில்லை, ஆளுநரை மறந்துவிட்டார்கள்.

இன்னொரு ஸ்டான்லியும் உண்டு. ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்போன ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. அவர் பிறக்கும்போது ஸ்டான்லியே இல்லை. வேல்ஸில் 1841இல் ஜான் ரோலண்ட்ஸ் என்ற பெயரோடு பிறந்து, ஏழைகள் விடுதியில் வளர்ந்து, அமெரிக்காவுக்குப் போய் ஒரு வியாபாரியின் பெயரை எடுத்துக்கொண்டார். பிற்பாடு பெல்ஜியம் அரசர் லியோபோல்டுக்காகக் காங்கோவில் செய்த வேலை அந்தப் பெயருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

ஆட்கள் கிடக்கட்டும், ஸ்டான்லிக்கு நம் வாயில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ், ட் இரண்டும் முதலிலேயே முட்டுகின்றன. மாமனாரின் அம்மா இருந்தவரை தன் மகனை 'இஸ்டான்லி' என்றுதான் கூப்பிட்டாராம். தமிழ் வாய்க்கு முன்னால் ஓர் இகரம் இல்லாமல் அந்தப் படி ஏறாது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதில் எப்போதும் வருவது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைத் தாங்குபவன். வழக்கம் நல்ல வழக்கம். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்ல மாட்டாள் என்பதும் இன்னும் பல வீடுகளில் வழக்கம். நாளைக்குப் பிள்ளை பால் டம்ளரைத் தட்டிவிட்டால் "ஏலே ஸ்டான்லி, அறிவிருக்கா" என்று முன்கட்டில் அவர் இருக்கும்போது எப்படிக் கத்துவாள்? கடைசியில் தம்பி, ராஜா என்று ஏதாவது ஒரு வீட்டுப்பெயர் ஒட்டிக்கொள்ளும். வைத்த பெயர் பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் தூங்கும்.

இனி என் பெயர். ஜான் வெஸ்லி 1703இலும் அவர் தம்பி சார்லஸ் 1707இலும் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார்கள். அண்ணன் குதிரையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார், தம்பி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் எழுதினார். மெதடிஸ்ட் சபை அவர்களால் பிறந்தது, ஆனால் ஜான் சாகும்வரை இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் குருவாகவே இருந்தார். மெதடிஸ்ட் மிஷன் 1814இல் இலங்கையில் கால் வைத்தது. கொழும்பில் 1874இல் தொடங்கிய வெஸ்லி கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மிஷன் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலிக்கன்கள். இருந்தும் வெஸ்லி என்ற பெயர் இங்கே வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கு சார்லஸின் பாட்டுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த பிறகு யார் எந்த மிஷன் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அயர்லாந்தில் இன்னொரு வெஸ்லி குடும்பம் இருந்தது. வாரிசு இல்லாத காரட் வெஸ்லி என்ற நிலக்கிழார், சிறுவன் சார்லஸ் வெஸ்லியைத் தத்தெடுக்கக் கேட்டதாகவும், சார்லஸ் மறுத்துவிட்டதாகவும் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்வார்கள். சொத்து உறவினர் ஒருவருக்குப் போனது, 1728இல் அவர் வெஸ்லி என்ற பெயரையும் ஏற்றார். அவருடைய பேரன்தான் பின்னாளில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு. 1797இல் இந்தியாவுக்கு வந்து இறங்கும்போது அவர் பெயர் ஆர்தர் வெஸ்லி. மறுவருடம் குடும்பமே பழைய நீண்ட வடிவத்துக்குத் திரும்பி வெல்லஸ்லி ஆனது. அண்ணன் ரிச்சர்ட் வெல்லஸ்லி கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான் 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து கயத்தாறு எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகாது. ஒரே பெயரின் ஒரு கிளை கீர்த்தனை கொடுத்தது, இன்னொரு கிளை கயிறு கொடுத்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஆனாலும் ஜான் வெஸ்லி என்ற மனிதரை எடுத்துக்கொண்டால் பட்டியலில் அவர்தான் முதலிடம். 1774இலேயே அடிமை வணிகத்தைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். 1791இல் இறப்பதற்குச் சில நாள் முன்னால் எழுதிய கடிதம், அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லும் கடிதம்.

அப்படியிருந்தும் என் பெயரை நான் சிபாரிசு செய்யவில்லை. காரணம் ஓர் எழுத்து. வெஸ்லியை ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லுக்கும் ஒய்க்கும் நடுவில் ஓர் ஈ வர வேண்டும். காட்டைத் திருத்திய அந்த 'லேயா'வின் மிச்சம் அது. என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் யாரோ அந்த ஈயை விட்டுவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்தபோது சேர்த்துவிட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கப் போனேன், இரண்டு வெஸ்லியும் ஒரே ஆள்தான் என்று இருபது ரூபாய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். வங்கியில் மறுபடி அதே கதை. ஓய்வூதியக் காகிதத்தில் இன்னொரு தடவை. லி என்று முடியும் நான்கு பெயர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, ஷெர்லிக்கு முன்னாலும் பின்னாலும் உண்டு. அந்தக் காட்டுவெளிக்காக நான் அலைந்த அலைச்சல் என்னோடு போகட்டும்.

நெல்சனுக்கு இந்தத் தொல்லை இல்லை. காதில் விழுகிறபடியே எழுதலாம், எந்தக் குமாஸ்தாவும் தப்பு செய்ய முடியாது. தமிழில் எழுதினாலும் ஒரு வடவெழுத்து இல்லை. நெல்லும் சனும் சேர்ந்து நெல்லைச் சீமைக்கே அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்த 'நெல்', நீல் என்ற பழைய அயர்லாந்துப் பெயரின் ஒரு வடிவம். சில குடும்பங்களில் எலினார் என்ற பெண்ணின் செல்லப்பெயராகவும் இருந்திருக்கலாம். மகன் என்பதுதான் சன். ஆக நெல்லின் மகன். இதில் ஒரு வேடிக்கை: இனிஷியல் ஒரு அப்பாவைச் சொல்லும், பெயர் இன்னொரு அப்பாவைச் சொல்லும். ஜான்சன், வில்சன், ஜாக்சன் எல்லாருக்கும் இதே இரட்டை அப்பா யோகம்தான். இந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்பவர் சாம்சன். அது எபிரேயம், சூரியனிலிருந்து வந்தது, யாருக்கும் மகன் இல்லை.

சன் என்று முடியும் பெயர்கள் நம்மிடம் இவ்வளவு தாராளமாகப் புழங்குவதற்கு நான் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். அவை தமிழ் ஆண்பால் விகுதியில் போய் அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. முருகன், கண்ணன், நெல்சன். கூப்பிடும்போது முருகா, கண்ணா, நெல்சா. வாசலில் நின்று இருட்டும் நேரத்தில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிட்டுப் பாருங்கள். "ஏ நெல்சா" என்ற குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். 'வெஸ்லீ' என்று இழுத்தால் காற்றுதான் போகும். என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆட்களைப் பார்த்தால் நெல்சனுக்கு இரண்டு முகம். டிரஃபால்கரில் 1805இல் செத்த கடற்படைத் தலைவர் ஹொரேஷியோ நெல்சனால்தான் அந்தக் குடும்பப் பெயர் ஆள்பெயராக உலகமெங்கும் பரவியது. பதின்பருவத்தில் சீஹார்ஸ் என்ற கப்பலில் இந்தப் பக்கம் வந்து சென்னைத் துறையிலும் நின்றவர் அவர். காய்ச்சலில் சாகக் கிடந்து 1776இல் ஊர் திரும்பினார். வீரம் குறைவில்லை. ஆனால் சாகிற வருடம் ஜமைக்காவின் தோட்ட முதலாளி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வில்பர்ஃபோர்ஸையும் அவர் கூட்டாளிகளையும் திட்டியிருக்கிறார். வெஸ்லி வாழ்த்திய அதே வில்பர்ஃபோர்ஸை.

இன்னொரு முகம் மாப்பிள்ளை சொல்கிற மண்டேலா. 1918இல் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ரோலிஷ்லாஷ்லா. மரக்கிளையைப் பிடித்து இழுப்பது என்று நேர்ப்பொருள், வம்புக்காரன் என்பது பேச்சுவழக்குப் பொருள். கூனு கிராமத்துப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் கொடுத்தார். இவருக்கு நெல்சன். ஏன் அந்தப் பெயர் என்று தனக்குத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு டீச்சர் யோசிக்காமல் கொடுத்த பெயர், அடிமை வணிகத்துக்கு வக்காலத்து வாங்கிய ஒரு கப்பல்காரரின் பெயர், இன்றைக்கு யாரை நினைவுபடுத்துகிறது பாருங்கள். பழைய ஆளைப் புதிய ஆள் துடைத்துவிட்டார். மாப்பிள்ளையின் கட்சியில் நான் சேர்ந்தது இந்த இடத்தில்தான்.

பெயரில் ஒரு குறை, அது ரொம்பப் பரவலானது. ஒரு வருடம் என் எட்டாம் வகுப்பில் மூன்று நெல்சன். கறுப்பு நெல்சன், கண்ணாடி நெல்சன், டவுன் நெல்சன் என்று பையன்களே ஒட்டு வைத்துக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடந்தது என் வகுப்பறையில் ஒரே வாரத்தில் நடந்து முடிந்தது. சென்னையில் நெல்சன் மாணிக்கம் சாலை என்று இருப்பதுபோல பின்னால் ஒரு தமிழ்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டால் இந்தக் குறை தீரும்.

கால்டுவெல்லை வீட்டில் யாரும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் மனசு அங்கே போய்ப் போய் வந்தது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல், இடையன்குடியில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர். எங்கள் சீமையில் அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்க யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொருளும் பட்டியலிலேயே அழகானது: குளிர்ந்த சுனை. தேரிக்காட்டு வெயிலில் அரைநூற்றாண்டு கிடந்தவருக்குக் குளிர்சுனை என்று பெயர்! தமிழ்க் காதுக்கு வேறு விதமாகவும் கேட்கும், பெயர் வெல் என்று முடிகிறதே. தமிழாசிரியர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் முதல் பாதியில் கால் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் வெல்லை விட்டுவிட்டு காலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மூன்று கிலோ பிள்ளைக்கு அந்தப் பெயர் அப்பாவின் கோட்டைப் போட்டுவிட்டது மாதிரி இருக்கும். இரண்டாவது பெயராக வைத்தால் கம்பீரம். முதல் பெயராக வேண்டாம்.

பெண் பிறந்தால் ஷெர்லியா, ஆஷ்லியா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டுமே ஆணுக்கு இருந்து பெண்ணுக்குப் போன பெயர்கள். ஷெர்லி போன வழி தெளிவாகத் தெரியும். 1849இல் சார்லட் பிரான்டி எழுதிய நாவலில் அதுவே கதாநாயகியின் பெயர். பெற்றோர் ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்ததால், அவனுக்கு வைக்க இருந்த குடும்பப் பெயரையே பெண்ணுக்கு வைத்துவிட்டார்கள் என்று கதையிலேயே வரும். படித்தவர்களுக்கு அப்போது அது விநோதமாக இருந்திருக்கும். பிறகு குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் வந்தார், 1930களில் உலகம் முழுக்க ஷெர்லிகள் பிறந்தார்கள். இப்போது ஷெர்லி என்ற பெயரில் ஓர் ஆணை யாரும் நினைக்க மாட்டார்கள். இப்படிப் பெண்கள் பக்கம் போன பெயர் திரும்பி வருவது அபூர்வம், ஏனென்றால் பையனைப் பெற்றவர்கள் அதை வைப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆஷ்லி இன்னும் நடுவழியில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்த்த குழந்தைகளுக்காகப் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் பெயர் ஆந்தனி ஆஷ்லி கூப்பர். அவரால் ஆண்பெயராகப் பரவியது. அமெரிக்காவில் 1991இலும் 1992இலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் அதுதான். இரண்டு பக்கமும் ஆகும் என்பதால்தான் என் தங்கை மகள் அதை எழுதியிருக்கிறாள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் இது திருநெல்வேலி, தாயே. ஆஷ் என்றால் இங்கே மரம் நினைவுக்கு வராது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், வாஞ்சிநாதன், இதுதான் வரும். கலெக்டர் ஆஷின் குடும்பப் பெயரும் அதே மரத்திலிருந்து வந்ததுதான் என்று ஊரெல்லாம் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? பெண் என்றால் ஷெர்லி. என் தங்கைக்கு வாயெல்லாம் பல்.

கடைசியாகக் காகிதம். என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். நம்மூர் வழக்கப்படி அப்பா பெயரை அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகப் போட்டோம். வார்டில் அவள் சிஸ்டர் வெஸ்லி. லிங்கன்ஷயர்க்காரரான ஒரு தாத்தா, உன் ஆட்கள் எப்வொர்த் பக்கமா என்று கேட்டாராம். இவள் பாளையங்கோட்டை பக்கம் என்றாளாம். குடும்பப் பெயராகக் கப்பலேறி வந்தது, இங்கே ஆள்பெயராகி எனக்கு வந்தது, என் மகளோடு விமானம் ஏறிக் குடும்பப் பெயராகவே ஊர் திரும்பிவிட்டது. நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கு வைக்கிற எந்தப் பெயருக்கும் இந்த மறுபிறவி காத்திருக்கிறது. பெண் பெயருக்கு அது வாய்ப்பது குறைவு, அம்மா பெயரை இனிஷியலாகப் போடுபவர்களே இன்னும் கொஞ்சம் பேர்தான். வளைகுடாவில் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று அறிவித்தது. பின்பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியது!

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். ஸ்டான்லி, அவருடைய அப்பா பெயர். அப்புறம் என்ன யோசனை? பிள்ளைக்கும் அதையே குடும்பப் பெயராகப் போடலாம், அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயராக இருந்தால் விசா வேலையும் சுலபம். அப்படியானால் பிள்ளைக்கு ஸ்டான்லி என்று வைக்க வழியே இல்லை, அங்கே போய் 'ஸ்டான்லி ஸ்டான்லி' என்று வரிசையில் நிற்க வேண்டும். பையன் என்றால் நெல்சன் ஸ்டான்லி. இரண்டும் குடும்பப் பெயர். இதைப் பார்க்கிற வெள்ளைக்காரன், பையனின் அம்மா நெல்சன் வீட்டுப் பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

முன்கட்டிலிருந்து குரல் வந்தது. "என் பேரைக் கடைசில தள்ளிட்டீராக்கும், சம்மந்தி?"

நான் பதில் சொல்லவில்லை. மருமகளிடம் சொல்லி, அலமாரியில் இருந்த மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்துவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்தான் முதல் வரி, வைத்த பெயர் அதற்குக் கீழே. விரலை முதல் வரியில் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். ஈ விட்டுப்போகாமல் சரியாக இருந்தது. ஜெராக்ஸை நாலாக மடித்துப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டார்.